வீடு யாருக்கு? பூண்டுத் தோட்டம் யாருக்கு?

கணவனும் மனைவியும் பிரிவதென்று முடிவாகிவிட்டது. கோபம் ஆறிவிட்டது. அழுகையும் ஓய்ந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு பேர் மனத்திலும் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வீடு யாருக்கு?"

இந்தக் கேள்வி பழனி மலைக்குப் புதிது அல்ல. நூறு வருஷங்களுக்கு முன்பே இங்கு அதற்கு ஒரு பதில் இருந்தது.

மலை வழக்கம்

கொடைக்கானல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. (திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது 1985-இல்தான்.) மதுரை ஜில்லாவைப் பற்றி பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒரு கெஜட்டியர் எழுதினார். அது 1906-இல் வெளிவந்தது. பழனி மலையில் பயிர்த்தொழில் செய்துவந்த குன்னுவர் மக்களின் வழக்கங்களை அதில் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

அவர்களிடையே விவாகரத்து சுலபமாகக் கிடைத்தது. பிரிந்துபோக விரும்புகிறவர், கல்யாணத்தின்போது கொடுத்த பரிசத் தொகையைக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். கணக்குத் தீர்ந்தது. ஆனால் குழந்தைகள் எல்லாம் தகப்பனுக்கே! பிரிந்த பெண் மறுமணம் செய்துகொள்ளத் தடை இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் ஒரே பெண் இருந்தால், அவளை வீட்டு நிலைக்கதவுக்கே மணம் செய்துவைப்பார்கள். கழுத்தில் தாலிக்குப் பதில் வலது கையில் ஒரு வெள்ளி வளையல். அவளே பெற்றோருக்கு வாரிசு. "வீட்டைக் காப்பது" என்று இதற்குப் பெயர்.

இவை பழைய கதைகள். ஆனாலும் அந்த வழக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பிரிவு வேறு, கணக்கு வேறு என்று அவர்கள் விடவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்தார்கள்.

இன்று பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிடுகிறார்கள். "சொத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் "பிறகு" என்ற ஒரு சொல்லுக்கு விலை பல லட்சம் ரூபாய்!

பாதிப் பங்கு உண்டா?

"விவாகரத்து ஆனால் புருஷன் சொத்தில் பாதி பெண்டாட்டிக்கு" என்று பலர் நினைக்கிறார்கள். அயல்நாடுகள் சிலவற்றில் அப்படிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் இல்லை.

பத்திரத்தில் யார் பேர் இருக்கிறதோ, சொத்து அவருடையது. இதுதான் நம் நாட்டுப் பொது விதி. விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும் வீட்டின் பேர் தானாக மாறிவிடாது. யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொடுக்க வேண்டும்.

அப்படியானால் மனைவிக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

முதலாவது, பிறந்த வீட்டில் போட்ட நகை, சீர், அவளுக்கென்று வந்த அன்பளிப்பு ஆகியவை ஸ்திரீதனம். அது முழுக்க அவளுடையது. 1985-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, ஜீவனாம்சம். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி, மாதா மாதமோ ஒரே தொகையாகவோ கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். அந்தத் தொகைக்குக் கணவனுடைய வீடு, நிலத்தையே ஈடாகப் பிணைத்தும் வைக்கலாம்.

மூன்றாவது, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பொதுச் சொத்து. இதைப் பற்றி 27-ஆவது பிரிவின்படி கோர்ட்டு முடிவு செய்யலாம்.

நான்காவது ஒரு வெளிச்சம் 2023 ஜூனில் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு அளித்தார். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்தான். மனைவி இங்கே வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டாள். அந்த உழைப்பும் சொத்துச் சேர்ப்பதில் ஒரு பங்குதான், அவளுக்கும் பாத்தியதை உண்டு என்றார் நீதிபதி. அது விவாகரத்து வழக்கு அல்ல. ஆனாலும் "நீ என்ன சம்பாதித்தாய்?" என்று கேட்கிறவர்களுக்கு அது ஒரு பதில்!

எனினும் இப்படி வழக்காடிப் பங்கு பெற வருஷக்கணக்கில் ஆகும். பேசி முடித்து, எழுதிப் பதிவு செய்துகொள்வதே சுலபமான வழி.

ஒரு தம்பதி

ஒரு தம்பதியை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் ஊருக்குள் ஒரு வீடு. மதிப்பு 40 லட்சம் ரூபாய். அது கணவன் பேரில் இருக்கிறது. பூம்பாறைப் பக்கம் கொஞ்சம் பூண்டுத் தோட்டம். அதை இருவர் பேரிலும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, தோட்டத்தை விட இருவருக்குமே மனம் இல்லை.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். வீடு மனைவிக்கு, அவளும் குழந்தையும் அங்கே இருக்கட்டும்; தோட்டம் கணவனுக்கு, அவன்தானே பயிர் செய்கிறான் என்று முடிவாயிற்று.

மனைவி வக்கீலிடம் போகிறாள்.

"பேச்சு முடிந்துவிட்டது ஐயா. விவாகரத்து கிடைத்ததும் வீட்டை எழுதித் தருவதாக அவர் சொல்கிறார்."

"கிடைத்ததுமா? கிடைப்பதற்கு முன்பா?"

"எப்போது எழுதினால் என்ன ஐயா? வீடு வீடுதானே?"

வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அந்தக் கணக்கை நாமும் பார்ப்போம்.

மூன்று லட்சம் ரூபாய் வித்தியாசம்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டைக் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7 ரூபாய். பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய். ஆக 9 சதவீதம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய்!

ஆனால் ஒரே குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தால் சலுகை உண்டு. 2023 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம். 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. அதே வீட்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய்.

"குடும்பம்" என்றால் யார்? தகப்பன், தாய், பிள்ளை, பெண், பேரன், பேத்தி இவர்களோடு கணவன் மனைவியும் உண்டு. ஆனால் விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி அல்ல. சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள்! அந்நியருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்குச் சலுகை கிடையாது. முழு 9 சதவீதமும் கட்ட வேண்டும்.

தீர்ப்புக்கு முந்தின நாள் எழுதினால் 50,000 ரூபாய். மறுநாள் எழுதினால் 3,60,000 ரூபாய். 3,10,000 ரூபாய் வித்தியாசம்! அந்தப் பணத்தை யார் கட்டுவது என்பதிலேயே புதுச் சண்டை கிளம்பிவிடும். "பணம் இல்லை, பிறகு எழுதித் தருகிறேன்" என்று கணவன் கையை விரித்தால், மனைவி மறுபடியும் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்.

(சிறிய வீடு வாங்குகிற பெண்களுக்கு ஒரு செய்தி: 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கிப் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் முதல் அரசு சலுகை தந்திருக்கிறது.)

யார் முதலில் கையெழுத்துப் போடுவது?

"சரி, முன்பே எழுதிவிடலாம்" என்றால் அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது.

இருவரும் சம்மதித்துப் பிரியும் வசதி 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 13-பி என்பது அந்தப் பிரிவு. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடியும் கோர்ட்டுக்கு வந்து "எங்கள் முடிவில் மாற்றம் இல்லை" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் தீர்ப்பு. தகுந்த காரணம் இருந்தால் இந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தீர்ப்பு வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முடிச்சு இங்கேதான் விழுகிறது.

கணவன் நினைக்கிறான்: "வீட்டை இன்றே எழுதிக்கொடுத்துவிட்டால், நாளைக்கு அவள் மனம் மாறி கோர்ட்டுக்கு வராமல் போனால்?" மனைவி நினைக்கிறாள்: "இன்று சம்மதம் சொல்லி விடுதலை கொடுத்துவிட்டால், நாளைக்கு அவர் வீட்டை எழுதித் தராமல் போனால்?"

இரண்டு பயமும் நியாயமானவைதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. முதல் மனுவிலேயே சொத்து விவரம் முழுவதையும் எழுதிவிட வேண்டும். புல எண், பரப்பு, நான்கு எல்லை, கதவிலக்கம், எது யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். இரண்டாவது விசாரணைக்குச் சில நாள் இருக்கும்போது இருவரும் சேர்ந்து சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். கணவன் வீட்டுக்குச் செட்டில்மெண்ட் எழுதுகிறான். அதே நாளில் மனைவி தோட்டத்தில் தன் பாதிக்கு விடுதலைப் பத்திரம் எழுதுகிறாள். இரண்டும் ஒரே நாளில் பதிவாகின்றன. நகல்களைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, தீர்ப்பிலும் அதைக் குறிப்பிடச் செய்ய வேண்டும்.

இதில் ஒருவர் கை நிறைந்து மற்றவர் கை வெறுமையாவது இல்லை.

மனுவில் சொத்து விவரம் எழுதுவதால் இன்னொரு லாபமும் உண்டு. வழக்கில் சம்பந்தப்பட்ட சொத்தைப் பற்றி ராஜி டிக்கிரி ஆனால், அதைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் கேட்பதில்லை. மனுவில் சொல்லாத சொத்தை ராஜியில் நுழைத்தால் பதிவு அவசியம். ஆகவே ஒரு சென்ட் நிலத்தையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

எந்தப் பத்திரம்?

மூன்று வகைப் பத்திரங்கள் இதற்குப் பயன்படும்.

செட்டில்மெண்ட்: தனக்கே உரிய சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுப்பது. பணம் வாங்குவதில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பெறுகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டு அனுபவத்துக்கும் வந்துவிட்டால், கொடுத்தவர் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது.

விடுதலைப் பத்திரம்: கூட்டாக உள்ள சொத்தில் ஒருவர் தம் பங்கை மற்றப் பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது. குடும்பத்துக்குள் இதற்கும் அதே சலுகை.

கிரயம்: பணம் வாங்கிக்கொண்டு விற்பது. வீட்டைக் கொடுத்துப் பணம் பெறுவதாக ஏற்பாடு ஆனால் இதுதான் சரி. பணம் வாங்கிக்கொண்டு செட்டில்மெண்ட் என்று எழுதுவது பின்னால் தொல்லை தரும்.

ஒரு சொல், ஒரு வீடு

பத்திரத்தில் ஒரு சொல் மாறினால் வீடே கைமாறிவிடும்.

"இந்த வீட்டில் நீ உன் ஆயுள் உள்ளவரை இருந்துகொள்" என்று எழுதுவது ஒன்று. "சர்வ சுதந்திர பாத்தியமாக அனுபவித்துக்கொள்" என்று எழுதுவது வேறு. முதலாவதில் வீடு அவளுக்கு இருப்பிடம்தான். இரண்டாவதில் வீடு அவளுடையது. விற்கலாம், அடகு வைக்கலாம், மகளுக்கும் எழுதலாம்.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசு உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஜீவனாம்சத்துக்குப் பதிலாகப் பெண் பெற்ற சொத்தும் அவளுக்கு முழு உரிமையே என்கிறது. துளசம்மா என்ற ஆந்திரப் பெண்மணியின் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ராஜியில் வரையறுத்த உரிமை என்று எழுதியிருந்தும், அவளுக்கு முன்பே இருந்த ஜீவனாம்ச உரிமைக்காக வந்த சொத்து ஆகையால் முழு உரிமை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதற்கு அந்த அம்மாள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது! முதலிலேயே ஒரு சொல்லைச் சரியாக எழுதியிருந்தால் அந்தப் பயணமே வேண்டாம்.

"பிரிந்து வாழும் உடன்பாட்டின் பேரில் எழுதப்பட்டது" என்ற காரணத்தையும் பத்திரத்தில் சேர்ப்பது நல்லது. மனைவிக்குச் சும்மா கொடுத்த சொத்தின் வாடகையைக் கணவன் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவது வழக்கம். பிரிந்து வாழும் உடன்பாட்டில் கொடுத்ததற்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

மலையில் கவனிக்க வேண்டியவை

வாங்குகிற பக்கம் இருப்பவர் சில விஷயங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீட்டின்மேல் பாங்கிக் கடன் இருந்தால், வீட்டோடு கடனும் வரும். யார் கட்டுவது என்று எழுதிக்கொள்வதோடு பாங்கியின் சம்மதத்தையும் பெற வேண்டும்.

பூர்வீகச் சொத்தா என்று கேளுங்கள். பூர்வீகமானால் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. முழுவதையும் எழுதிக்கொடுக்கக் கணவனுக்கு அதிகாரம் இல்லை.

அரசு ஒப்படை செய்த நிலமா என்று பாருங்கள். அப்படிப்பட்ட நிலத்துக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றை மீறி எழுதிய பத்திரம் நிற்காது.

கொடைக்கானலுக்கே உரிய ஒன்று: கட்டட அனுமதி. மலைப் பகுதியில் கட்டுவதற்குக் கடுமையான விதிகள் இருக்கின்றன. விதியை மீறிய பல கட்டடங்களுக்கு 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்தார்கள். அனுமதி இல்லாத வீட்டை ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஏற்றுக்கொண்டால், அவள் பெறுவது வீடு அல்ல, ஒரு வழக்கு!

இன்னும் ஒன்று. வழக்கு நடக்கும்போதே கணவன் வீட்டை அண்ணன் தம்பி பேருக்கு மாற்றப் பார்க்கிறானா? உடனே கோர்ட்டில் தடை உத்தரவு கேளுங்கள். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழும், சேர்ந்து வாழ்ந்த வீட்டை விற்காமல் தடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

மேலே சொன்ன பிரிவு எண்கள் இந்துக்களுக்கு உரியவை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். அதில் சம்மதத்தின்பேரில் பிரியும் வசதி 2001-இல் வந்தது. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம். ஆனால் பத்திரம், முத்திரை, பதிவு எல்லா மதத்தாருக்கும் பொதுவானவை.

பத்திரம் பதிந்தால் முடிந்ததா?

இல்லை. பட்டா மாறுதல் செய்ய வேண்டும். வீட்டு வரி, மின்சார இணைப்பு, தண்ணீர் வரி எல்லாவற்றிலும் பேர் மாற வேண்டும். ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்திருந்த பவர் பத்திரத்தை ரத்து செய்ய வேண்டும். பாங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் வாரிசு நியமனத்தை மாற்ற வேண்டும்.

முக்கியமாக உயிலைப் பாருங்கள். விவாகரத்து ஆகிவிட்டதால் பழைய உயில் தானாக ரத்தாகிவிடாது. பத்து வருஷத்துக்கு முன்பு எழுதிய உயிலை மறந்துபோய், புது வாழ்க்கையில் வந்தவர்களைத் தவிக்கவிடக் கூடாது.

பழைய மலை வழக்கத்தில் ஒரு குறை இருந்தது. குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றைய சட்டம் அதைச் செய்வதில்லை. குழந்தையின் நலம் எதுவோ அதையே பார்க்கிறது. அந்தக் குறையை விட்டுவிடுவோம். கணக்கைத் தீர்த்துக்கொண்டு பிரிந்தார்களே, அந்த நல்ல குணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் உதாரணத் தம்பதிக்குத் திரும்புவோம். ஒரே நாள் காலையில் இருவரும் சார்பதிவாளர் முன் உட்கார்ந்து கைரேகை வைக்கிறார்கள். அவளுக்கு வீடு, அவனுக்குத் தோட்டம். அடுத்த வாரம் கோர்ட்டு. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் ஒருவருக்கொருவர் கடன் பட்டவர்கள் அல்ல. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை வழக்கம்போல அதே வீட்டுப் படியில் ஏறுகிறது.

பிரிவதென்று முடிவாகிவிட்ட பிறகு, ஒருவருக்கு ஒருவர் செய்யக்கூடிய கடைசி மரியாதை இதுதான்.